அறிமுகக் கூட்டத்துக்கு ஒரு கூடம் அமைப்பது எப்படி?

'நெட்வொர்க்கிங் மீட்' என்ற பெயரில் இப்போது மும்பையில் அடிக்கடி கூட்டங்கள் நடக்கின்றன. தொழில் செய்பவர்களும், உத்தியோகத்தில் இருப்பவர்களும், வேலை தேடுபவர்களும் ஒரு மாலை நேரம் ஒரே கூடத்தில் கூடி, ஒருவரை ஒருவர் அறிமுகம் செய்துகொண்டு, காபி குடித்துவிட்டுப் போகிற ஏற்பாடு. நம் சங்கத்து இளைஞர்களும் அப்படி ஒன்றை மாட்டுங்காவில் நடத்த விரும்பி, கூடத்தை எப்படி அமைக்கலாம் என்று என்னிடம் யோசனை கேட்டார்கள். ஸ்டேஷன் கட்டடம், பிளாட்பாரம், நடைமேம்பாலம் என்று ஜனங்கள் நடக்கிற, நிற்கிற, காத்திருக்கிற இடங்களோடு ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் மாரடித்தவன் என்பதால் கேட்டிருக்கலாம். அவர்களுக்குச் சொன்னதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். மற்ற ஊர்களில் சங்கம் நடத்துகிற அன்பர்களுக்கும் உபயோகப்படலாம்.

சொல் புதிது, காரியம் நம் பேட்டைக்குப் பழையது. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியதைத் தொடர்ந்து, 1898-ல் நகர அபிவிருத்தி டிரஸ்ட் ஏற்பட்டு, அதன் திட்டப்படி தாதர், மாட்டுங்கா பகுதிகள் தெருத்தெருவாக வகுக்கப்பட்டன. பின்னால் டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் படித்துவிட்டுத் தெற்கிலிருந்து ரயிலேறி வந்த இளைஞர்களில் பலரும் இங்கேதான் இறங்கினார்கள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் கஃபே மெட்ராஸ் 1940-ல் தொடங்கியது. ஸ்டேஷனுக்கு எதிரே ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங் 1942-ல் தொடங்கியது. இலைக்கு முன் உட்கார்ந்தால் பக்கத்தில் யார் உட்காருவார் என்பது நம் கையில் இல்லை. "எந்த ஊர்? எந்தக் கம்பெனி?" என்று ஆரம்பிக்கிற பேச்சு, ரசத்துக்குள் "எங்கள் ஆபீஸில் ஒரு ஸ்டெனோ இடம் காலி" என்பது வரை வந்துவிடும். அந்தக் காலத்துப் பெரியவர்கள் சொல்லி இப்படிப் பல கதைகள் கேட்டிருக்கிறேன்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், பாஸ்டன் அருகே நியூட்டன் என்ற ஊரில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை ஆராய்ந்து 1973-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவல் தந்தவரை வாரத்துக்கு இருமுறையாவது சந்திப்பவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6 சதவீதம், வருஷத்துக்கு ஒருமுறையோ அதைவிடக் குறைவாகவோ சந்திப்பவர்கள் 27.8 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும். புதுத் தகவல் சற்றுத் தள்ளி நிற்பவரிடமிருந்துதான் வருகிறது என்பது அவர் விளக்கம். 2022-ல் 'சயின்ஸ்' இதழில், லிங்க்டுஇன் தளத்தின் 2 கோடி பேரை வைத்துச் செய்த சோதனை வெளியானது. ஓரளவு தூரத்து அறிமுகங்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவுகின்றன என்று அதுவும் சொன்னது.

அப்படியானால் இந்தக் கூட்டங்களால் யாருக்கு அதிக லாபம்? செம்பூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பத்துப் பையனுக்குச் சித்தப்பா ஒருவர் வங்கியில் இருப்பார், அத்திம்பேர் ஒருவர் கம்பெனியில் இருப்பார். தாராவியிலிருந்து குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கி வரும் பெண்ணுக்கு அப்படி யாரும் இல்லை. அவளுக்குத்தான் இந்தக் கூடம் அவசியம். கூட்டம் தொடங்கிய கால் மணிக்குள் அவள் சுவரோரம் போய் நின்று செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால், பூவும் பேனரும் விளக்கும் எவ்வளவு இருந்தும் அந்த ஏற்பாடு தோற்றது என்றே நான் கணக்கு வைப்பேன். இனி நான் சொல்வதெல்லாம் அவளை மனத்தில் வைத்துத்தான்.

நம்மவர்கள் கூட்டம் என்றதும் முதலில் செய்வது, மேடை போட்டு அதன் முன் நாற்காலிகளை வரிசையாக அடுக்குவது. குத்துவிளக்கு, பொன்னாடை, தலைவர் உரை, சிறப்புரை, நன்றியுரை, டிபன். வந்தவர் இரண்டு மணி நேரம் முன்வரிசைக்காரரின் பிடரியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர் 1950-களில் கனடாவில் ஒரு மருத்துவமனையை நடத்தியபோது, இடங்கள் இரண்டு வகை என்று பிரித்தார். ஆட்களை ஒருவரிடமிருந்து ஒருவர் விலக்கும் இடம் ஒன்று. ஒருவரை நோக்கி ஒருவரை இழுக்கும் இடம் மற்றொன்று. முதல் வகைக்கு அவர் காட்டிய உதாரணங்களில் ரயில்வே வெயிட்டிங் ரூமும் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை, உண்மைதானே!

நம் ஷண்முகானந்தா அரங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1963-ல் திறக்கப்பட்டு, 1990-ல் தீவிபத்துக்கு உள்ளாகி, 1998-ல் மீண்டும் திறக்கப்பட்ட பெரிய அரங்கம். கச்சேரி கேட்க அதைவிட என்ன வேண்டும்? ஆனால் அங்கே ஜாதகம் கைமாறுவதும், பையனுக்கு வேலை விசாரிப்பதும் நாற்காலி வரிசையிலா நடக்கிறது? இடைவேளையில், காபிக்காக நிற்கும் இடத்தில்தான் நடக்கிறது. அறிமுகக் கூட்டம் நடத்துகிறவர்கள் அந்த இடைவேளையை முழு மாலைக்கும் நீட்டினால் போதும். மேடை வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து நிமிஷம் பேச ஒரு மூலையில் ஒரு மைக் இருக்கட்டும்.

இனி வழியைப் பார்ப்போம். வரவேற்பு கூடத்து வாசலில் தொடங்குவதில்லை, ரயில்வே ஸ்டேஷனில் தொடங்குகிறது. மாட்டுங்கா என்று மட்டும் அழைப்பிதழில் போட்டால் புதிதாக வருபவர் திண்டாடுவார். மத்திய ரயில்வேயில் மாட்டுங்கா. மேற்கு ரயில்வேயில் மாட்டுங்கா ரோடு. ஹார்பர் லைனில் கிங்ஸ் சர்க்கிள். மூன்றும் ஒன்றுக்கொன்று நடந்து போகிற தூரம்தான். ஆனால் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரிந்தவருக்கு மட்டும். எந்த ஸ்டேஷன், எந்தப் பக்கத்து வாசல், இறங்கி எத்தனை நிமிஷ நடை என்று மூன்று லைன்காரர்களுக்கும் தனித்தனியாக எழுதிவிட வேண்டும். மத்திய ரயில்வே மாட்டுங்காவைப் பற்றிப் பெருமையாக ஒன்று: 2017-ல் அங்கே பணியாளர் அனைவரையும் பெண்களாகவே நியமித்தார்கள். நாட்டில் அப்படி இயங்கிய முதல் ஸ்டேஷன் அது.

ஸ்டேஷன் பெயர்ப்பலகையிலிருந்தே ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, ஊர் மொழி, ஹிந்தி, ஆங்கிலம். நாகர்கோவிலில் இறங்கினாலும் நாக்பூரில் இறங்கினாலும், "சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம்" என்று மனம் ஒரு விநாடியில் அடங்குகிறது. இதைத்தான் இந்தக் காலத்தில் 'பிராண்டு' என்கிறார்கள். லண்டன் பாதாள ரயிலில் ஃபிராங்க் பிக் என்ற நிர்வாகி இதை ஒரு தவம் போலச் செய்தார். எட்வர்ட் ஜான்ஸ்டன் என்ற எழுத்துக் கலைஞரைக் கொண்டு 1916-ல் தனி எழுத்துரு ஒன்றை உருவாக்கச் செய்தார். சிவப்பு வட்டமும் நடுவில் நீலப் பட்டையும் எல்லா ஸ்டேஷனிலும் ஒரே மாதிரி வந்தன. ஹாரி பெக் என்ற டிராஃப்ட்ஸ்மேன் வரைந்த நேர்கோட்டு வரைபடம் 1933-ல் வெளிவந்தது. நூறு வருஷம் கழித்தும் அந்த வட்டத்தைப் பார்த்தால் லண்டன் ஞாபகம் வருகிறது என்றால், அது அழகினால் மட்டுமா? ஒவ்வொரு முறையும் சரியான வாசலுக்குக் கொண்டுபோய் விட்டதால் வந்த நம்பிக்கை அது.

நம் கூட்டத்துக்கும் இதே அளவுதான். ஒரு நிறம், ஒரு எழுத்து, சங்கத்தின் சின்னம் ஒன்று. அழைப்பிதழ், தெருமுனை அம்புக்குறி, மாடிப்படித் திருப்பம், கூடத்து வாசல், மார்பில் குத்தும் பேட்ஜ் எல்லாவற்றிலும் அதுவே வர வேண்டும். பதினான்கு நன்கொடையாளர் பெயரும், ஏழு தலைவர்கள் முகமும் அடைத்த ஃபிளெக்ஸ் பேனரை வாசலில் கட்டுவது எனக்குப் பிடிக்காது. வருகிறவர் அதில் கூட்டத்தின் பெயரையே தேட வேண்டியிருக்கிறது! நன்கொடையாளர்களுக்குக் காபி மேஜைக்குப் பின்னால் ஒரு பலகை வையுங்கள். காபிக்கு நிற்கும்போது எல்லாரும் நிதானமாகப் படிப்பார்கள். அவர்களுக்கும் அதுதான் லாபம்.

மொழி விஷயத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பலகை எல்லாம் தமிழில் மட்டும் இருந்தால், சொந்தச் சங்கத்திலேயே அவர்கள் அந்நியர்களாக நிற்பார்கள். எல்லாம் ஆங்கிலத்தில் மட்டும் என்றால், தமிழில் கணீரென்று பேசும் தாராவிப் பையன் வாய் திறக்கமாட்டான். இரண்டும் வேண்டும், இரண்டும் ஒரே அளவில் வேண்டும். ஒன்றைப் பெரிதாகவும் மற்றதைப் பொடியாகவும் போட்டால், யார் இந்த வீட்டுக்காரர், யார் விருந்தாளி என்று நாமே எழுதி ஒட்டியது போல ஆகும்.

வாசலுக்கு நாம் வெளியே போய்க் கற்றுக்கொள்ள எதுவுமில்லை. நம் கல்யாண வரவேற்பு மேஜையே போதும். பன்னீர்ச் சொம்பு, சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு, பக்கத்தில் சிரித்த முகத்துடன் இரண்டு பேர். வருகிறவர் யார் வீட்டு உறவு என்று தெரியாவிட்டாலும் அவர் கையில் ஏதோ ஒன்று கொடுக்கப்படுகிறது, ஒரு முகம் அவரைப் பார்க்கிறது. தொழில் கூட்டத்தில் கற்கண்டு மட்டும் போதும் என்பது என் அபிப்பிராயம். சந்தனமும் குங்குமமும் எல்லா மதத்தினருக்கும், எல்லாப் பெண்மணிகளுக்கும் சங்கடமில்லாமல் இருக்கும் என்று சொல்ல முடியாது. கோலம் இருக்கட்டும், அதை மிதிக்காமல் உள்ளே போக வழியும் இருக்கட்டும்.

பதிவு மேஜையைக் கதவுக்கு நேர் எதிரில் குறுக்கே போட்டுவிடாதீர்கள். நடைமேம்பாலத்துப் படி இறங்கும் இடத்தில் ஒரு கடையைப் போட்டால் என்ன ஆகும் என்று மும்பைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கதவைத் தாண்டி மூன்று மீட்டர் வெற்றிடம் வேண்டும். மேஜை பக்கவாட்டில் இருக்க வேண்டும். நியூயார்க் நகரச் சதுக்கங்களைப் படம் பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட் 1980-ல் எழுதிய புத்தகத்தில், ஜனங்கள் ஒதுங்கி நின்று பேசுவார்கள் என்று பார்த்தால் நடமாட்டத்தின் நட்டநடுவில்தான் நின்று பேசுகிறார்கள் என்று காட்டியிருக்கிறார். ஆகவே நெரிசல் வாசலில்தான் வரும் என்று முன்கூட்டியே இடம் விட்டுவிட வேண்டும்.

பேட்ஜைப் பற்றி ஒரு வார்த்தை. பலகை எழுத்துக்கு எங்கள் கைக்கணக்கு, மூன்று மீட்டர் தூரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் உயரம், அதுவும் குறைந்தபட்சம். பேசுகிறவர்கள் ஒன்றரை மீட்டரில் நின்றாலும் வயதானவர்கள் கண்ணையும் நினைத்து, பேட்ஜில் பெயரை ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல் போட வேண்டும். தமிழ் எழுத்துக்கு இன்னும் கொஞ்சம் கூடவே வேண்டும். 'ஞா', 'ணை' போன்றவை பொடி எழுத்தில் கறுப்புப் பொட்டாகிவிடும். கழுத்தில் மாட்டும் அட்டை திரும்பிக்கொள்ளும், ஆகவே இரண்டு பக்கமும் அச்சடிக்க வேண்டும். பெயருக்குக் கீழே பதவிக்குப் பதிலாக, "கணக்கு எழுதுகிறேன்", "தோல் பை தைக்கிறோம்", "முதல் வேலை தேடுகிறேன்" என்று ஒரு வரி போடச் சொல்லியிருக்கிறேன். 'சீனியர் வைஸ் பிரெசிடெண்ட்' என்பதைப் பார்த்துச் சின்னப் பெண் என்ன பேச முடியும்? தோல் பையைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கலாம்.

இட அளவுக்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. ஜான் ஃப்ரூயின் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1971-ல் நடப்பவர்களையும் நிற்பவர்களையும் வைத்து அளவு வகுத்தார். நிற்கிற ஆளுக்கு 13 சதுர அடிக்கு மேல் இருந்தால் அடுத்தவரை இடிக்காமல் சுற்றி வரலாம். 3 சதுர அடிக்குக் கீழே போனால் உடம்பு உடம்பில் படும். நம் லோக்கல் ரயிலுக்கு ரயில்வேக்காரர்கள் வைத்திருக்கும் வார்த்தையே தனி. ஒரு சதுர மீட்டரில் 14 முதல் 16 பேர் நிற்பது என்றால் ஆளுக்கு முக்கால் சதுர அடிதான் வரும்! 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலமுள்ள கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 1,030 சதுர அடி. மேஜை, நாற்காலிக்கு 150 போக, 60 பேருக்குச் சரியாக இருக்கும். அதில் 150 பேரைக் கூப்பிடுவது தவறு. 20 பேர்தான் வருவார்கள் என்றால், பாதிக் கூடத்தைத் திரை போட்டு மறைத்துவிட வேண்டும். காலிக் கூடத்தில் மனுஷன் சுவரைத் தேடித்தான் போவான்.

எல்லாவற்றையும்விட நம் கூடங்களின் பெரிய வியாதி சத்தம். மொசைக் தரை, சிமெண்டுச் சுவர், மேலே கான்கிரீட். ஒலிக்குப் போக்கிடமே இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர், 1895-ல் தொடங்கிய ஆராய்ச்சியில், பக்கத்து அரங்கத்து நாற்காலி மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகத் தூக்கி வந்து வைத்து, எதிரொலி அடங்கும் நேரத்தை அளந்தார். அவர் கண்ட சூத்திரம் எளிது: கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் விநாடிக் கணக்கு வரும். அவருடைய அளவுகோல் என்ன தெரியுமா? திறந்த ஜன்னல்! அதன் வழியே போன ஒலி திரும்பாது.

மேற்சொன்ன கூடத்துக்கு 3.6 மீட்டர் உயரம் வைத்தால் கன அளவு 346. சுவர், தரை, தளம் எல்லாம் சேர்ந்து உறிஞ்சுவது பத்துச் சதுர மீட்டர் அளவுதான். ஜன்னல்களைத் திறந்தால் இன்னொரு பத்து. 2.8 விநாடி எதிரொலி. அறுபது பேர் வந்து நின்றால், ஆளுக்கு 0.45 வீதம் 27 கூடி, 1.2 விநாடிக்கு இறங்கும். கனமான திரைச்சீலை 30 சதுர மீட்டர் தொங்கவிட்டால் 0.9 விநாடி. பேச்சுப் புரிகிற அளவு அதுதான். ஏ.சி. போட்டு ஜன்னலை மூடினால் அந்தப் பத்து போய்விடும், அதற்கும் திரைதான் ஈடு.

இத்தனை கணக்கு எதற்கு என்றால், 1911-ல் எட்டியென் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டு சொன்ன ஒரு சுபாவம் நம் எல்லாருக்கும் உண்டு. சுற்றிலும் சத்தம் கூடினால் நாம் அறியாமலே குரலை உயர்த்துகிறோம். அதனால் சத்தம் இன்னும் கூடுகிறது. அரை மணியில் கூடமே கத்தும். கத்திப் பேசத் தயங்குகிறவள் யார்? நாம் யாருக்காகக் கூடம் அமைக்கிறோமோ அவளேதான். ஆகவே பின்னணிப் பாட்டு வேண்டாம், நாதஸ்வர ரெக்கார்டும் வேண்டாம். நான் நாதஸ்வரப் பிரியன், ஆனாலும் சொல்கிறேன்.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விளக்கு முகத்தில் விழ வேண்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

காபி விஷயம் அப்படி அல்ல. காபி மேஜையை வாசலிலிருந்து மிகத் தள்ளி, கூடத்தின் கடைசியில் போட வேண்டும். அதை நோக்கி நடக்கிற வழியில்தான் நாலு பேரைத் தாண்ட நேரும். மேஜை இரண்டாக இருந்தால் வரிசை பாதியாகும். ஆனால் வரிசையே இல்லாமலும் செய்துவிடாதீர்கள். முன்பின் தெரியாத இருவர் நியாயமாகப் பேச்சைத் தொடங்கக்கூடிய இடம் அதுதான். டபரா டம்ளருக்கு இரண்டு கையும் வேண்டும். விசிட்டிங் கார்டு வாங்கவும் வணக்கம் சொல்லவும் கை இருக்காது. ஆகவே மார்பளவு உயரமுள்ள குறுகிய மேஜைகள் ஐந்தாறை அங்கங்கே நிறுத்த வேண்டும். ஒரு மேஜையைச் சுற்றி நாலைந்து பேருக்கு மேல் நிற்க இடம் இருக்கக்கூடாது. முழங்கால் வலிக்காரர்களுக்கு இருபது நாற்காலிகள், நகர்த்தக்கூடியவையாகப் போடலாம். நாற்காலியை ஒரு சாண் நகர்த்தி உட்கார்ந்தவர் அந்த இடத்தைத் தன்னுடையதாக்கிக் கொள்கிறார் என்பதும் வைட் கவனித்ததுதான்.

லண்டனில் 1680-களில் எட்வர்ட் லாயிட் என்பவர் ஒரு காபிக் கடை வைத்திருந்தார். கப்பல் தலைவர்களும் வியாபாரிகளும் அங்கே கூடினார்கள். அவர்களுக்குக் காகிதமும் மையும் கப்பல் செய்திகளும் கிடைக்க அவர் ஏற்பாடு செய்தார். அங்கே வளர்ந்த இன்ஷூரன்ஸ் சந்தை இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதன் சீருடைப் பணியாளர்களை இன்றும் 'வெயிட்டர்' என்றே அழைக்கிறார்கள். சிகாகோவில் 1905-ல் பால் ஹாரிஸ் மூன்று நண்பர்களுடன் தொடங்கிய ரோட்டரி, ஆளுக்கொரு வாரம் அவரவர் அலுவலகத்தில் முறைவைத்துக் கூடியதால் பெற்ற பெயர் அது. லாயிட் பேனர் கட்டியதாக நான் படித்ததில்லை. மை வைத்தார் என்றுதான் படித்திருக்கிறேன். நாமும் ஒரு மேஜையில் பேனா, சீட்டு, செல்போன் சார்ஜர், "ஆள் தேவை – வேலை தேவை" என்று குத்திவைக்க ஒரு பலகை வைக்கலாம்.

கடைசியாக ஆட்கள். அறுபது பேருக்கு ஆறு பேர், வேறு வேலை எதுவும் இல்லாமல், தனியாக நிற்பவரைக் கண்டுபிடித்து இன்னொருவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மட்டும் வேண்டும். கல்யாணத்தில் "சாப்பிட்டீர்களா?" என்று கேட்டபடியே வளைய வரும் மாமாக்களைப் போல. இந்த வேலைக்கு நிர்வாகக் குழுவினரைப் போடாதீர்கள். அவர்கள் பிரமுகர்களை வரவேற்கப் போய்விடுவார்கள். பேட்ஜின் நாடா நிறம் மட்டும் இந்த ஆறு பேருக்கு வேறாக இருக்கட்டும்.

அழைப்பிதழில் முடிகிற நேரத்தையும் போட்டு, அந்த நேரத்துக்கே முடியுங்கள். எட்டரைக்குள் முடித்தால் டோம்பிவிலிக்கும் பன்வேலுக்கும் போக வேண்டிய பெண்கள் நிம்மதியாக ரயில் பிடிப்பார்கள். கூடத்து விளக்கை உடனே அணைக்க வேண்டாம். இன்னும் அரை மணிக்குச் சேர்த்தே வாடகை கட்டிவிடுங்கள். நல்ல பேச்சு செருப்பு மாட்டும்போதுதான் ஆரம்பிக்கிறது.